மிளகு போடும் நேரம்

என் பழைய நாட்குறிப்பில், ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில் இரண்டே வரிகள். ‘காலை 7.10, அம்மா போய்விட்டாள். அண்ணன் வீட்டில் இல்லை.’ நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் நகலெடுத்தே முடி நரைத்தவன் நான். பார்த்ததை மட்டும் எழுதுவேன், நேரம் போட்டு எழுதுவேன். அந்த இரண்டாவது வரியை அப்படியே எங்கள் சபையின் ஆண்டு மலரில், அம்மாவைப் பற்றிய கட்டுரையில் சேர்த்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

மலர் வெளியான ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கேட் அருகே நின்றிருந்தான்.

“எலே, நான் எங்க போனேன்னு உனக்குத் தெரியுமா? அம்மை ராத்திரி முழுக்க கோழி சூப்பு கேட்டா. கோழி வாங்கப் போனேனாக்கும்.”

“அப்போ கோழி எங்க?” என்றேன். அம்மா இறந்த அன்று அவன் வெறுங்கையோடு வந்ததை நான் பார்த்திருந்தேன். காலையிலேயே கள்ளுக்கடைக்குப் போகிற வழக்கம் அப்போது அவனுக்கு உண்டு.

அண்ணன் மலரை என் காலடியில் போட்டான். “இதையும் எழுதி வை, எழுத்துக்காரா” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பின் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை. அவன் வீட்டுப் பலா இலை என் முற்றத்தில் விழுந்தால் கூட்டி அவன் பக்கமே தள்ளுவேன். மறுநாள் காலை அது திரும்பி வந்திருக்கும்.

இந்த மழைக்காலத்தில் என் மனைவி டெங்குவில் படுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தாள். வாயெல்லாம் கசப்பு. கஞ்சி உள்ளே போவதில்லை. சாப்பிடாவிட்டால் மறுபடியும் கொண்டுவந்து படுக்கவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் அவள், “அத்தான் வைக்கிய கோழி சூப்பு கிடைச்சா குடிப்பேன்” என்றாள். அவள் அத்தான் என்பது என் அண்ணனை. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த சூப்பை அண்ணன்தான் வைப்பான். அவனிடம் போய் நிற்பதைவிட நானே வைப்பது மேல் என்று தோன்றியது. செய்முறை என்னிடம் இருந்தது. இளவயதில் அவன் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்து எழுதியது. நாட்டுக்கோழி எலும்போடு இடித்தது, சின்ன உள்ளி, இஞ்சி, பூண்டு, சீரகம், மஞ்சள். கடைசி வரி, ‘மிளகு: ஒரு பாட்டு நேரம் கொதிக்க வேண்டும்.’ எங்கள் வீட்டு அடுப்படியில் நேரத்தைச் சபையில் பாடும் ஞானப்பாட்டால் அளப்பார்கள். எழுதியிருந்தபடியே கொதிக்கவைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் துப்பினாள்.

“இது கஷாயம்” என்றாள். போனை எடுத்து அவளே அண்ணனைக் கூப்பிட்டாள்.

பதினோரு மணிக்கு வந்தான். ஒரு கையில் உரித்த கோழி, மறுகையில் அம்மா புழங்கிய, ஒரு பக்கம் நெளிந்த அலுமினியப் பாத்திரம். என்னைப் பார்க்கவில்லை. என் அடுப்படியில் என் உரலை எடுத்து, நான் அங்கே இல்லாதது போல இடித்தான். கதவோரம் நின்று பார்த்தேன். சூப்பு கொதித்து வற்றியது. அடுப்பை அணைத்தான். அதன் பிறகுதான் இடித்த மிளகைத் தூவி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, மூடியை இறுக மூடிவிட்டுப் பாட ஆரம்பித்தான். ஐந்து சரணம், சுருதி சேராத குரலில்.

“தீ இல்லாமலா?” என்று கேட்டுவிட்டேன்.

“மொளவு கொதிச்சா கசக்கும். நீ எந்தக் காலத்துல ஒழுங்கா பாத்தே?” சுவரைப் பார்த்துச் சொன்னான்.

என் மனைவி இரண்டு கிண்ணம் குடித்தாள். நெற்றி வேர்த்தது. மூன்றாவதுக்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள், “அத்தான், மாமி போன அன்னைக்கு அந்தக் கோழிய என்ன செய்திய?”

“வாங்கிட்டு வாறேன், பாலத்துல வச்சு ஒருத்தன் சொன்னான், அம்மை போயிட்டான்னு. செத்த வீட்டுக்குக் கோழியும் தூக்கிட்டு வரவா மக்கா? திரும்பி நடந்து, கோழி வித்த அம்மச்சி கையிலயே குடுத்துட்டு வந்தேன்.”

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். பாத்திரம் என் வீட்டிலேயே இருக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கோழி விற்ற அம்மச்சியைத் தேடிப் போனேன். அவர் இறந்து நாளாகிறது. மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. “அம்மை கோழி வித்தது உண்டு. யாரு வாங்கினா, யாரு திருப்பித் தந்தான்னு யாரு எழுதி வச்சா?” என்றார்.

அண்ணனை எனக்கு இன்றும் பிடிக்காது. பலா இலையை இன்று காலையும் தள்ளினேன். ஆனால் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து எழுதிய மிளகையே தவறாக எழுதியிருக்கிறேன். பழைய நாட்குறிப்பை எடுத்து, அந்தச் சனிக்கிழமையின் இரண்டாவது வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: ‘கோழி வாங்கப் போனதாகச் சொல்கிறான். உறுதி செய்ய முடியவில்லை.’