எண்ணிப் போட்ட சோறு

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதுதான் என் வேலை. வயதைக் கூட உண்மையாகச் சொல்லும் சனம் இதற்கு மட்டும் கூரையைப் பார்க்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தனியார் நீரிழிவு மருத்துவ நிலையம். நோயாளிகள் எழுதிவரும் சாப்பாட்டுக் கொப்பிகளை நான் பார்க்க வேண்டும். புதிய ஆட்களோடு கதைக்கவே எனக்குக் கூச்சம். அதைவிடப் பெரிய பயம், யாராவது திருப்பி என்னிடம் கேட்டுவிட்டால்? பட்டம் பெற்று வேலையில்லாமல் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில், சோற்றைக் கரண்டி எண்ணிப் போடப் பழகியிருந்தேன். வேலை கிடைத்தும் அது விடவில்லை. ஒரு கரண்டி கூடினால் அன்று முழுக்க நெஞ்சு படபடக்கும். தட்டைப் பார்த்துப் பயந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

சீனி இல்லாத தேத்தண்ணி

அரியாலையிலிருந்து வரும் ஐயாவின் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் 'சீனி போடாத தேத்தண்ணி'. இரத்தத்தில் மட்டும் சீனி ஏறிக்கொண்டே போனது. நான்தான் ஏதோ பிழையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனென்று நினைத்தேன். தயங்கித் தயங்கி, "ஐயா, வெறும் தேத்தண்ணியோ குடிக்கிறனீங்கள்?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பொய் எழுதுவனோ பிள்ளை? தேத்தண்ணிக்குள்ளை ஒண்டும் போடேல்லை. பனங்கட்டியைக் கையிலை வச்சுக் கடிச்சுக் கடிச்சுக் குடிச்சனான். கடிக்கிறதை எழுத உந்தக் கொப்பியிலை இடமில்லையே!"

குசினிக் கமெரா

நெல்லியடியிலிருந்து வரும் அன்ரி என்ன சாப்பிடுகிறா என்று பார்க்க, அவவின் குசினியில் அடுப்புக்கு மேலே கனடாவிலுள்ள மகள் கமெரா பூட்டுவித்திருந்தா. அன்ரி அதன் முன்னால் பப்பாசிப் பழம் சாப்பிட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய் வடை சாப்பிடுவா. "உங்கடை நன்மைக்குத்தானே அன்ரி," என்றேன்.

அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்தா. "வீடு மகன் கட்டினது. கமெரா மகள் பூட்டினது. குளிசை டொக்டர் தந்தது. என்ரை வாய் ஒண்டுதான் பிள்ளை இன்னும் என்ரை சொல்லுக் கேக்குது."

என் கொப்பி

அந்தச் சொல் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் வந்து இருந்துகொண்டது. என் வாய் என் சொல்லுக் கேட்கும் என்று அன்ரி தின்று காட்டியதைத்தான் நான் தின்னாமல் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் தாதி மாலதி அக்கா கேட்காமலே தன் சோற்றிலும் கத்தரிக்காய்க் குழம்பிலும் ஒரு கரண்டி என் பெட்டிக்குள் போட்டுவிட்டா. என் எண்ணிக்கை குழம்பிப் போயிற்று. அவவின் சோற்றை ஒரு கரைக்கு ஒதுக்கத் தொடங்கினேன். நிமிர்ந்தால், அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறா.

"நீ எல்லாரையும் கேக்கிறதை நான் கேக்கட்டோ? நேற்று என்ன சாப்பிட்டனீ?"

நானும் கூரையைத்தான் பார்த்தேன். பிறகு சொன்னேன், கரண்டி எண்ணுவதையும் சேர்த்து. அக்கா ஏசவில்லை. அலுமாரியிலிருந்து புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, மட்டையில் என் பெயரை எழுதினா.

"கிழமைக்கு ஒருக்கா எனக்குக் காட்டு. எண்ணத்தான் வேணுமெண்டால் நான் எண்ணுறன். நீ சாப்பிடு."

இப்போது என் கொப்பியிலும் இடைக்கிடை பொய் இருக்கிறது. அந்தப் பக்கங்களுக்கு மாலதி அக்கா வைத்திருக்கும் பெயர், பனங்கட்டிப் பக்கங்கள்.