அப்பா நலமாக இருக்கிறார்

குருசுக்குப்பம் போகும் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. என் ரயில் டிக்கெட்டை அச்செடுக்கக் காத்திருக்கிறேன். பக்கத்துக் கணினியில் ஓர் அம்மா ஒற்றை விரலால் பிரெஞ்சில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"யாருக்கும்மா?"

"மவனுக்குங்க. பிரெஞ்சு நேவில இருக்கான். அணுகுண்டோட தண்ணிக்கடியில போற கப்பலு. எந்தக் கடல்ல இருக்கான்னு சொல்ல மாட்டாங்க. வாரத்துக்கு ஒருதடவ நாலு வரி அனுப்பலாம். பதில் வராது."

வல்லரசுகள் ஒன்றையொன்று அடிக்காமல் இருப்பதே இப்படி ஒளிந்து திரியும் கப்பல்களுக்குப் பயந்துதான் என்று படித்திருக்கிறேன்.

கடைக்காரப் பெண் ஓர் அட்டையை நீட்டுகிறாள். "ஆன்ட்டி, பேரு சரியா இருக்கா பாருங்க."

முப்பதாம் நாள் பூசைக்கான நினைவு அட்டை. சிலுவைக்குக் கீழே மீசைக்காரர் ஒருவரின் படம்.

"எங்க வீட்டுக்காரரு," என்கிறார் அந்த அம்மா.

"மகனுக்குத் தெரியுமா?"

"கெட்ட சேதி எழுதக்கூடாதுங்க. எழுதினாலும் படிச்சுப் பாத்து நிறுத்திடுவாங்க. அந்த வேலையில இருக்கறவன் மனசு கலங்கக்கூடாதாம். அப்பா தெனம் பீச்சுல நடக்கறாருன்னு எழுதியிருக்கேன். கரைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

அந்தக் கப்பலுக்கு என்றைக்காவது வேலை வந்துவிட்டால், அவன் கரையேறும்போது எதையும் சொல்ல இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இதுவும் கெட்ட சேதிதான். நானும் சொல்லவில்லை.

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி தட்டுகிறார்.

"இன்னும் ஒரு வரிக்கு எடம் இருந்துச்சு. நானும் நல்லா இருக்கேன்னு போட்டுட்டேன்."