ஜுமாவின் பாஷைக்கு ரங்கூனில் ஓர் ஆள்

தொண்ணூறுகளில் ரங்கூனில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் எடுபிடியாக இருந்தேன். ஒருநாள் முதலாளி காதர் பாய் கூப்பிட்டார்.

"நீ மொம்பாசா பக்கம் கப்பல்ல போனவன்தானே? இமிகிரேஷன்ல ஒரு ஆப்பிரிக்காக்காரன் மாட்டிக்கிட்டான். போய்ப் பாரு."

அவன் பெயர் ஜுமா. மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் கப்பல் போய்விட்டது. வேறு கப்பலில் ஏற்ற, தாய்மொழியில் வாக்குமூலம் வேண்டுமாம்.

"தாய்மொழி சுவாஹிலின்னு சொல்லிட்டுப் போகச் சொல்லு. அதுக்கு ஆள் இருக்கு" என்றார் அதிகாரி ஊ தெய்ன்.

தன் தாய்மொழி வேறு என்று ஜுமா மறுத்தான். அதையும் கப்பலில் நான் கற்றுக்கொண்டிருந்த சுவாஹிலியில்தான் என்னிடம் சொன்னான்: "எங்க ஆளுங்க செத்து அழியல. பள்ளிக்கூடத்துல, வேலையில, பொண்ணு கேக்கற இடத்துல, எல்லாரும் பக்கத்துப் பெரிய கூட்டத்தோட பேரையே சொன்னாங்க. அப்படியே முடிஞ்சுபோச்சு. நானும் சொல்லணுமா?"

காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பாஷைய நீயே படிச்சுக்கோ. கப்பல் அடுத்த மாசம்."

"யார்கிட்ட பாய் படிக்கிறது?"

"அவன்கிட்டதான்!"

பபேடான் பேட்டையில் ஒரு டீக்கடையில் பாடம் நடந்தது. கப்பல், காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று தேவைப்பட்டதை மட்டும் படித்தேன். அதற்குள் கடைக்காரரிடமிருந்து ஜுமா பர்மியம் பிடித்துக்கொண்டான்.

விசாரணையில் நான் வாய் திறக்கும் முன்பே அவன் பர்மியத்தில் பதில் சொன்னான். ஊ தெய்ன் மேசையைத் தட்டினார். "பர்மியத்துல பேசாதய்யா! எனக்குப் புரிஞ்சிட்டா மொழிபெயர்ப்பாளர் எதுக்கு?"

பிறகு அவன் தன் பாஷையில் பேசினான். நான் தடுமாறிய இடத்தில் பர்மியச் சொல்லை என் காதில் போட்டான்.

"நீ சொல்றது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஊ தெய்ன் என்னிடம்.

"அவனையே கேளுங்க சார்."

கேட்டார். ஜுமா தன் பாஷையில் ஏதோ சொன்னான். "சரிதானாம்" என்றேன். முத்திரை விழுந்தது.

கப்பல் ஏணியில் பாதியில் நின்றுவிட்டான். "ஊர்ல இதைப் பேச ஆளில்ல. இங்க நீ இருக்க. இறங்கிடட்டுமா?"

"ஏறித் தொலைடா!" என்றேன் தமிழில்.

"திட்டுறியா? எங்க பாஷையில திட்டு. அதுல திட்டு வாங்கி வருஷக்கணக்காச்சு."

எனக்குக் காய்ச்சலும் ஆஸ்பத்திரியும்தான் தெரியும். 'நண்டுக்குப் பிறந்த சோம்பேறி, நகரு' என்று பொருள்படும் ஒரு வசவை ஏணியிலேயே நின்று சொல்லிக்கொடுத்தான். சொன்னேன். "கோபம் பத்தல" என்றான். தொண்டை கிழியக் கத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி ஏறிப்போனான்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வருகிறவர்கள் வாக்குமூலச் சொற்களுக்கு முன்னால் வசவுகளைப் படித்துக்கொள்வது நல்லது. மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த வசவு மட்டும் முழுதாக நினைவிருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.