குடும்பக் குழுவில் நான் இல்லாத பதினோரு நாள்

என் மகன் என்னைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினான். நீக்கியதை என்னிடம் சொல்லவில்லை. பதினோரு நாள் எனக்கு அது தெரியாது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் மேஸ்திரி. பதனிட்ட தோல் கட்டுகளின் மேல் லாட் நம்பரும் ரகமும் எழுதுவது என் பொறுப்பு. அரை வெளிச்சத்தில், அவசரத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிய வேண்டும் என்பதால் எல்லாமே ஆங்கிலத்தின் பெரிய எழுத்தில்தான் எழுதுவோம். வேலையிலிருந்து நின்ற பிறகு, மனைவியும் இறந்த பிறகு, சென்னையில் இருக்கும் மகன் எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதில் தமிழ் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். பெரிய எழுத்தில்.

குழு அவன் கல்யாணத்தின்போது தொடங்கியது. என் சம்பந்தி குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறவர். காலையில் எழுந்ததும் ஒரு ரோஜாப்பூ படம் போடுவார். மருமகளின் அக்கா பெங்களூரிலிருந்து தான் சாப்பிட்டது, உடுத்தியது எல்லாவற்றையும் போடுவாள். ஒருநாள் அவள் புது ரவிக்கையோடு ஒரு படம் போட்டாள். தோள் தையல் அருமையாக உட்கார்ந்திருந்தது. ‘இதை யார் தைத்தது’ என்று கேட்டேன். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் மகன் போன் செய்தான்.

“இன்னாப்பா, எதுக்கு அவங்கள திட்டுற?”

“நான் எங்கடா திட்னேன்? நல்லாருக்குதுன்னுதான் கேட்டேன்.”

“எல்லாம் கேபிடல்ல போட்டுக்கிற. அப்படிப் போட்டா கத்துறன்னு அர்த்தம். அவங்க அழுவுறாங்க.”

எழுத்து கத்தும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். முப்பத்தொரு வருஷம் நான் தோல் கட்டுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

சின்ன எழுத்துக்கு மாறினேன். தீபாவளிக்கு ஆம்பூர் வருவதாக மருமகள் எழுதியதற்கு ‘சரி’ என்று போட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தேன். மறுநாள் அவள் தனியாகக் கேட்டிருந்தாள், மாமா எங்கள் மேல் கோபமா என்று. புள்ளி வைத்தால் பேச்சை முறித்துக்கொள்கிறேன் என்று பொருளாம். இதை யார் முடிவு செய்தார்கள், எந்தக் கூட்டத்தில், அதற்கு என்னை ஏன் கூப்பிடவில்லை? சட்டத்தை எழுதி ஒட்டமாட்டார்கள், ஆனால் மீறினால் தண்டனை உண்டு. எந்த முதலாளியும் என்னை அப்படி நடத்தியதில்லை.

டேனரியில் என்னோடு தோல் ரகம் பிரித்த ஒரு பாய் என் நெருங்கிய சிநேகிதர். மாலையில் பைபாஸ் பக்கத்து டீக்கடையில் சந்திப்போம். அவரிடம் சொன்னேன்.

“பேஜார் புடிச்ச வேலை மேஸ்திரி இது,” என்றார். “என் பேத்தி கட்டைவிரல் படம் போடாத தாதா, அது மருவாதி இல்லன்றா. கட்டைவிரல்ல இன்னா மருவாதி கம்மி? நான் பேசறத ஜாஸ்தி கொறச்சிட்டேன். நீயும் சும்மா பாத்துனு இரு.”

சும்மா பார்த்துக்கொண்டும் இருக்க முடியவில்லை. பார்த்துவிட்டுப் பதில் போடாதது இன்னொரு குற்றம் என்று மகன் சொன்னான். நான் பார்த்தது அவர்களுக்குத் தெரியுமாம்.

பிறகு அந்த அக்காவின் நாய் செத்துப்போயிற்று. பதினான்கு வயது நாய். அவள் படம் போட்டிருந்தாள். கீழே வரிசையாக அழுகிற மூஞ்சிகள். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்து, சின்ன எழுத்தில், புள்ளி எதுவும் வைக்காமல் எழுதினேன்: வயசான ஜீவன், படுக்கையில் கிடந்து கஷ்டப்படாமல் போய்விட்டது, மனசைத் தேற்றிக்கொள்ளம்மா. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நான் சொல்வது இதைத்தான். என் மனைவி இறந்தபோது எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் இருந்தது.

அதன் பிறகு குழுவில் சத்தமே இல்லை. ரோஜாப்பூவும் வரவில்லை. எல்லோருக்கும் அலுத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பதினோராவது நாள் சாயங்காலம் பாய் டீக்கடைக்கு வந்ததும் உட்காராமலே கேட்டார்.

“உன் சம்பந்தி வேலூர்ல ஆபரேஷன் ஆயி படுத்துங்கீறாரு. நீ இன்னா இங்க டீ குடிச்சினு கீற?”

பாயின் மைத்துனரும் அதே ஆஸ்பத்திரியில் இருந்ததால் பார்த்திருக்கிறார். குடலிறக்கத்துக்கு அறுவை செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது என்றதை அவரே நம்பவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வார்டில் நான் நுழைந்ததும் சம்பந்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் மருமகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைத் தந்தாள், சிரிக்கவில்லை.

“எப்படி இருக்கீங்க சம்பந்தி?”

“இருக்கறேன். கலவைல இருந்து என் சித்தப்பா பையன் ரெண்டு பஸ் மாறி வந்து பாத்துட்டு போய்ட்டான். ஆம்பூர் கூப்பிடு தூரம். ஆபரேஷனுக்கு நாளு குறிச்சதுல இருந்து எல்லாம் குரூப்ல போட்டோம். வர முடியலைன்னா ஒரு வார்த்தையாவது போடக்கூடாதா?”

“எனக்கு ஒண்ணும் வரல சம்பந்தி. சத்தியமா வரல.”

மருமகள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனவள் நின்றாள். அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

“மாமா, நீங்க குரூப்லயே இல்லயே.”

சம்பந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் என் மகன் இளநீரோடு உள்ளே வந்தான். நான் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

“நீதான் எடுத்தியா?”

அவன் தரையைப் பார்த்தான். “அவங்க அக்கா ரொம்ப ஃபீல் பண்ணாங்கப்பா. நாய் செத்ததுக்கு நீ போட்டது, போனதே நல்லதுன்னு சொன்ன மாதிரி ஆயிடிச்சி... ரெண்டு நாள் கழிச்சி சேத்துடலாம்னுதான் எடுத்தேன். மறந்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ கோவிச்சுக்குவன்னு சொல்லல.”

“உங்க மாமனாருக்கு ஆபரேஷன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“குரூப்ல போட்டாச்சேன்னு நெனச்சிட்டேன்.”

ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்தால் நான் அவன் முகத்துக்கு நேரே நின்று சொல்வேன். அவன் திட்டுவான், கையைக்கூட ஓங்குவான். வாங்கிக்கொள்வேன். அதற்குத்தான் மேஸ்திரி. இவன் என்னைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்ததையே மறந்திருக்கிறான். அதை அப்படியே அவனிடம் சொன்னேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தணிக்கவில்லை. கத்துவது எப்படியிருக்கும் என்று அவனும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

அவன் அங்கேயே நின்று என்னைக் குழுவில் மறுபடி சேர்த்தான். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. உள்ளே போனால் மருமகளின் கையிலிருந்த போனில் அக்கா, முகம் தெரியும்படி பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அங்கிள், சாப்டீங்களா?” என்று தேனாய்க் கேட்டாள். நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளுக்காக என்னை நீக்கியதைப் பற்றியும் இல்லை. பதில் சொல்லாமல் நகர்ந்துகொண்டேன். அது மரியாதையில்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் பேசி முடித்த பிறகு என் போனை மருமகளிடம் நீட்டினேன்.

“இதுல இருந்து நானா வெளிய போறது எப்படிம்மா?”

அவள் தயங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். சம்பந்தி, “காட்டுடி, அவர் கேக்குறாரில்ல,” என்றார். அவள் எந்த இடம் என்று காட்டினாள். அழுத்தியது நான்தான். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ஆனால் அதை அவளிடம் சொல்ல அன்று வாய் வரவில்லை.

சம்பந்தி வீடு திரும்பிய பிறகு தினமும் பதினோரு மணிவாக்கில் எனக்குப் போன் செய்கிறார். தையல் அரிப்பது, தறிக்காரன் லீவு போட்டது என்று பேசுவார். குறுக்கே தறிச் சத்தம் கேட்கும். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். குழுவில் வந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறான். நான் ‘உம்’ போட்டுக்கொண்டு கேட்கிறேன். போன வாரம், “இன்னும் கோவமாப்பா?” என்று கேட்டான்.

“ஆமா,” என்றேன். “அடுத்தது சொல்லு.”