தம்பி நீருக்குள் இருந்தபோது

அடையாறு முகத்துவாரத்தில் எங்களுக்கு ஒரு சிறிய பாய்மரப் படகு உண்டு. காற்றில்லாத நேரத்துக்கென்று வைத்திருந்த அதன் இன்ஜினை அன்று போட்டதும் படகு முழுவதும் அதிர்ந்தது. உடனே நிறுத்தினேன்.

"ப்ரொப்பெல்லர்ல ஏதோ சிக்கிண்டிருக்குண்ணா" என்றான் தம்பி. அவன் மயிலாப்பூரில் மிருதங்க வித்வான்.

"இல்லைடா, இன்ஜின் போல்ட்டு தளர்ந்திருக்கு."

"காலேஜ்ல பாடம் எடுத்தா போறாது, தண்ணியில இறங்கிப் பாக்கணும்" என்று சிரித்தபடியே இடுப்பளவு நீரில் இறங்கி மூழ்கினான்.

நான் போல்ட்டுகளை இறுக்கினேன். நான் சொன்னதே சரி என்று காட்டும் அவசரத்தில், அவன் எங்கே என்று பார்க்காமல் சாவியைத் திருப்பினேன். ப்ரொப்பெல்லர் சுழலாதபடி கியரை விலக்கவும் மறந்திருந்தேன்.

அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ப்ரொப்பெல்லரில் சுற்றியிருந்தது கிழிந்த வலை ஒன்று.

"அழாதேண்ணா. தாளம் போட இடது கை இருக்கே" என்று ஆஸ்பத்திரியில் அவன்தான் என்னைத் தேற்றினான். இந்த மார்கழியில் சபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வேறொருவர் வாசித்ததைக் கேட்டான்.

இப்போதெல்லாம் யார் நீரில் இறங்கினாலும் இன்ஜின் சாவியைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். ஏறி வந்து அவராகத் தரும்வரை கேட்பதில்லை. படகு வைத்திருப்பவர்களே, நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அன்று எனக்கு அது தோன்றவில்லை.