கீழ்த்தாடையில் நட்ட இரண்டு திருகாணிகள்

வைகாசிச் சடங்கில் அம்மனுக்கு நாக்கைச் சுழற்றிக் குரவை போடப் போய், என் கீழ்க் கட்டுப்பல் கோயில் மணலில் விழுந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் வாயை மூடியது தெரியாமலிருக்க, இன்னும் உரத்துக் குரவை போட்டார்கள். அயல்வீட்டுக்காரி குனிந்து பல்லைப் பொறுக்கித் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "பயப்படாத கா, அம்மாளுக்கு இதுவும் ஒரு காணிக்கதான்" என்று காதுக்குள் சொன்னாள். அவளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

அதன்பின் நான் குரவை போடவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறப்பதையும் விட்டேன். மேல்வரிசை அண்ணத்தோடு ஒட்டி நிற்கும், கீழ்வரிசைதான் வள்ளம் மாதிரி மிதக்கும். முப்பது வயது தாண்டுவதற்குள் பல்லெல்லாம் பிடுங்கிவிட்டதால் பிடித்து வைக்கத் தாடையில் எலும்பே இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் மனைவியைப் பார்த்துப் பார்த்து என் கணவருக்குப் பொறுக்கவில்லை. சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்திருந்த காலம் அது. தெற்கில் வேலை பார்த்தபோது படித்த சிங்களத்தைத் துணைக்குக் கொண்டு, ஒரு பல் வைத்தியரிடம் என்னைக் கூட்டிப் போனார்.

வேலை இல்லாத எலும்பு தேய்ந்துபோகும் என்றார் வைத்தியர். முன்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதில் இரண்டு திருகாணிகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டுப்பல்லைக் கொளுவலாம். வழக்கமாக எலும்பு திருகாணியைப் பிடிக்கும்வரை சில மாதம் பொறுத்துத்தான் பல்லைக் கொளுவுவார்களாம். சில மாதம் கழித்துத் திரும்பி வர முடியுமா என்று வைத்தியர் கேட்டார். "பாதை இண்டைக்குத் திறந்திரிக்கு. அப்ப திறந்திரிக்குமெண்டு ஆரு சொல்லுற?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே சிங்களத்தில் அவருக்கும் சொன்னார் என் கணவர். வைத்தியர் திருகாணிகளை இறக்கி, அன்றைக்கே பல்லையும் கொளுவித் தந்தார். ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்: குழைந்த சாப்பாடுதான் சாப்பிட வேண்டும், திருகாணி ஆடினால் எலும்பு விலகிவிடும், விலகினால் மறுபடி முயல இந்தத் தாடையில் எலும்பு கிடையாது.

நாங்கள் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் சண்டை மூண்டு பாதை மூடியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஷெல் விழும் சத்தம் எங்கள் செட்டிபாளையம்வரை கேட்டது. பள்ளிக்கூடம் முழுக்க இடம்பெயர்ந்த சனம். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஒரு துண்டு எலும்பை நினைத்துக் கவலைப்பட்டேன். கவலைக்கு வெட்கம் ஏது?

அடுப்படி என் கணவர் கைக்குப் போனது. சிவப்பரிசியைக் குழைய அவிப்பார். மீனில் முள் எடுத்துப் பிசைவார். பூசணிக்காயைக் கடைவார். நான் சுமந்துகொண்டிருந்தது பயம் ஒன்றைத்தான். காலையில் பல்லைக் கழற்றியதும் இரண்டு திருகாணிகளின் தலையையும் விரலால் பிடித்து, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பேன். ஆடாவிட்டால்தான் தேநீர் இறங்கும்.

ஒருநாள் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடையிலிருந்து வைத்தியரோடு பேசக் கிடைத்தது. "சொல்லுங்க, நான் ஒவ்வொரு நாளும் ஆட்டிப் பார்க்கிறன், ஆடல்லயெண்டு" என்றேன் கணவரிடம் பெருமையாக. அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அடுத்த கணம் வைத்தியர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. கணவர் காதிலிருந்து தொலைபேசியை விலக்கிப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"உனக்கு விசரா புள்ள? வேலிக்கு நட்ட கதியால நாளைக்கு நாள் ஆட்டிப் பார்த்தா அது வேர் விடுமா?"

எங்கள் வேலிக்குக் கதியாலாக அவர் நட்ட கிளிசரியாக் கம்புகளில் ஆடு உரசினாலே நான்தான் கத்திக்கொண்டு ஓடுவேன். கம்புக்குத் தெரிந்த நியாயம் என் வாய்க்குத் தெரியாமல் போனதே! அன்றிலிருந்து விரலைக் கட்டிப்போட்டேன். ஆனால் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் போகவில்லை.

பாதை திறந்ததும் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் பெண்களைத் தனியே சோதித்த சிப்பாய்ப் பிள்ளை திருகாணி இறக்கிய அன்றைக்கு எடுத்த என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். தாடைக்குள் இரண்டு இரும்பு. உடம்பில் இரும்பு இருந்தால், எந்தச் சண்டையில் பட்ட காயம் என்று கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த காலம். பல்லைக் கழற்றி வாயைத் திறந்து காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, தன் தாடையைத் தொட்டுக் காட்டி, வலித்ததா அம்மா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒற்றைச் சிங்களச் சொல்லில் இல்லை என்றேன். படம் மடங்காமல் உறைக்குள் வைத்துத் தந்தாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

வைத்தியர் புதுப் படம் எடுத்துப் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு பென்சில் நுனியால் ஒவ்வொரு திருகாணியையும் சுற்றிக் காட்டினார். மேல் விளிம்பில் எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அது எல்லோருக்கும் நடப்பது, மற்றபடி எலும்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்றார். இனி விரும்பியதைச் சாப்பிடலாமாம். நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

வெளியே வந்ததும் கணவர் நேரே ஒரு தள்ளுவண்டிக்குப் போய் முறுக்கு வாங்கி, தெருவில் நின்றபடியே மொறுமொறுவென்று கடித்தார். காணாததைக் கண்ட மாதிரி.

"என்ன இப்பிடிப் பறக்கிறீங்க?"

"எத்தின மாசத்துக்குப் பிறகு" என்றார் வாய் நிறைய.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தப் பல் முழுவதும் உள்ள மனிதர், இத்தனை மாதமும் என் பானையில் இருந்த குழையலைத்தான் சாப்பிட்டிருக்கிறார். என் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை நான் பார்க்கவில்லை.

"ஏன் ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"நான் கடிச்சா உனக்கு ஆச வரும். ஆச வந்தா நீயும் கடிப்பாய்."

மிச்சமிருந்த முறுக்கை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டை நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கடித்தேன். கீழ்ப்பல் அசையவில்லை.