விமானம் கடந்து போகும் வரை

என் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. தண்ணீர் நிரம்பியிருக்கும்போது நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. அதன் இடது மூலையில் பசை விட்டுப்போய், அந்த இடத்தில் கறுப்பாகவும் கோணல்மாணலாகவும் மறுபடி பசை பூசியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பார்ப்பதற்கு முன் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள். "வேற தொட்டி வாங்கிடலாமே" என்பார்கள். அந்தப் பூச்சு பாயின் கைவேலை. டிக்கெட்டில் ஓர் எழுத்து பிசகினால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காத மனிதர், பசைக் குழாயைக் கையில் பிடித்தால் இப்படித்தான் செய்து வைப்பார். நான் அதைச் சுரண்டவும் இல்லை, வேறு தொட்டி வாங்கவும் இல்லை.

எல்லாருக்கும் அவர் பாய்தான். எனக்கும் அப்படியே. மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மருந்துக்கடை மாடியில் விமான டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், மெக்காவுக்கு உம்ரா போகிறவர்கள், முதல்முறையாக அமெரிக்கா போகிற மேடவாக்கத்துக் கம்ப்யூட்டர் பிள்ளைகள் என்று அந்தக் குறுகலான படியில் ஆள் ஏறிக்கொண்டே இருக்கும். என் மகன் தானாகப் பள்ளிக்கூடம் போய்வரும் வயதுக்கு வந்த பிறகு, முப்பத்தாறு வயதில், கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயத்தோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பாய்க்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. "ஒண்ணும் பேஜாரு இல்லம்மா. டிக்கெட்டு அடிக்கிறவங்க மொதல்ல பாஸ்போர்ட்டைப் பாக்கணும், அப்பாலதான் ஆளோட மூஞ்சியைப் பாக்கணும். அவ்ளோதான் தொழிலு" என்றார். அவ்வளவுதான் இல்லை என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

அவர் சொல்லிக்கொடுத்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எழுத வேண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்காக மும்பை போவதாக இருந்தது. ஐந்து பேருக்கும் ஒரே புக்கிங். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். போன் வந்ததும் நான் பதறிப்போய் மொத்தத்தையும் ரத்து செய்யப் போனேன். பாய் தன் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "கைய எடும்மா, கைய எடு. ஒருத்தரு வரலைன்னா அல்லாரையும் எறக்கி வுட்டுடுவியா? அந்தப் பேரை மட்டும் பிரிச்சி எடு. மத்தவங்க போவட்டும்." அந்த ஒரு பெயரைத் தனியாகப் பிரித்து, வேறு புக்கிங் எண்ணில் போட்டு, அதை மட்டும் ரத்து செய்வது எப்படி என்று என் பக்கத்தில் நின்றே காட்டினார். வெகு நாள் வரை நான் பயந்து பயந்து செய்த வேலை அது. ஒரு சாவி தப்பாக அழுத்தினால் ஐந்து பேருமே காணாமல் போய்விடுவார்கள்.

ஊரையே ஆகாயத்தில் ஏற்றிவிட்ட பாய் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. அவர் வீடு பம்மலில் இருந்தது. விமானங்கள் அந்த மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியைத் தொட்டுவிடுவதுபோல் தாழ்வாகப் போகும். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. விமானம் வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவார். அது கடந்து போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். யாரும் அதை வினோதமாக நினைக்கவில்லை. முதல்முறை நான் நோன்புக் கஞ்சி குடிக்கப் போயிருந்தபோது பாயின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், "இன்னும் கொஞ்சம் ஊத்தி..." என்று கரண்டியோடு அப்படியே நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு அதிர்ந்து அடங்கியதும் "...க்கோம்மா" என்று முடித்தார். நான் சிரித்த சிரிப்பில் கஞ்சி புரையேறிவிட்டது.

பிறந்ததிலிருந்து விமானத்தின் வயிற்றை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். இரண்டு பெண், ஒரு பையன். உள்ளே எப்படி இருக்கும் என்பதே அந்த வீட்டின் கனவு. அந்தமானுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்குத் தேவையில்லை என்றாலும் ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தார் பாய். கீழே முழுக்கக் கடல் தெரியும் என்று யாரோ ஒரு பயணி அவரிடம் சொன்னதுதான் காரணம். வருடா வருடம் குளிர்காலத்தில், மே மாதத்துக்கென்று பாய் ஐந்து இடம் பிடித்து வைப்பார். டிக்கெட் அடிக்காமல் இடத்தை மட்டும் பிடித்துவைக்க எங்கள் தொழிலில் வழி உண்டு. கெடு தேதிக்குள் அடிக்காவிட்டால் அதுவே கழன்றுவிடும். பாயின் ஐந்து இடமும் தவறாமல் கழன்றுவிடும். ஒரு வருடம் பெரிய பெண்ணின் கல்லூரி, ஒரு வருடம் வீட்டுக் கூரை ஒழுகல், ஒரு வருடம் சும்மாவே மனசு வரவில்லை. "அந்தமான் எங்கியும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு டீ சொல்லுவார். அலுவலகத்தில் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. கெடு நாள் வந்தால் நானே, "பாய், உங்க பிளேன் இன்னிக்கு இறங்குதா?" என்று கேட்பேன்.

ஒருநாள் அலுவலகப் படி ஏறும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வந்தார். டென்ஷனைக் குறைக்க வேண்டும், ஏதாவது ஹாபி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாய் அதையும் ஒரு பயணியின் வேண்டுகோள்போல் எடுத்துக்கொண்டு முழு மூச்சாக இறங்கினார். முதலில் கீபோர்டு. சேலையூரில் ஒரு வகுப்பில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றார். "எனக்குப் பக்கத்துல ஒரு வாண்டு. நான் தப்பா வாசிச்சா தலையில அடிச்சிக்குதும்மா" என்று வந்து சொல்லிச் சிரிப்பார். அலுவலகத்தில் தப்பே செய்யாத மனிதருக்கு, தப்பு செய்வதற்கு ஓர் இடம் கிடைத்த சந்தோஷம் அது. பிறகு ஆயில் பெயின்டிங். பீர்க்கன்கரணை ஏரியை வரைந்தேன் என்று ஒரு படத்தைக் கொண்டுவந்தார். நான் அந்த ஏரிக்கரையில்தான் குடியிருந்தேன். சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த ஹாபியும் அவரிடம் மூன்று மாதம் தாண்டியதில்லை. மூன்றாம் மாத முடிவில் அது ஆட்டோவில் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடும். கீபோர்டு வந்தது. வண்ணங்களும் பிரஷ்களும் வந்தன. "உன் பையனுக்கு ஆவும்" என்பார். "பாய் அடுத்து யானை வளர்க்காம இருந்தா சரி" என்று என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

யானை இல்லை, மீன். அந்தத் தொட்டி வாங்கிய அன்றே மூலையில் ஒழுகியது. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று தானே பசை பூசினார். அதே வாரத்தில், அந்த வருடத்துக்கான ஐந்து இடத்தையும் பிடித்தார். இந்தமுறை கெடுவுக்காகக் காத்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அச்சு எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. தாளை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஐந்து பெயர். முதல் வரியில் அவர் பெயர், அடுத்து அக்கா, பிறகு பிள்ளைகள். "சரியா கீதா பாரு. எம் பேரையே நான் தப்பா அடிச்சிருப்பேன்" என்றார். நான் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெட்கம் அதில். மார்க்கெட்டிலிருந்து ஜிலேபி வந்தது. மருந்துக்கடைக்காரருக்குக்கூடக் கொடுத்தார்.

டிசம்பரில், விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் போனபோது பம்மல் வீட்டில் தெரு வரைக்கும் ஆட்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ராத்திரிகூட என்கிட்ட..." என்று தொடங்கினார். விமானம் வந்தது. அக்கா நிறுத்தினார். அவர் மட்டுமில்லை, அழுதுகொண்டிருந்த பெண்கள், வாசலில் பேசிக்கொண்டிருந்த பாயின் அண்ணன், ஓதிக்கொண்டிருந்த பெரியவர் எல்லாருமே நிறுத்தினார்கள். அத்தனை பேர் நிறைந்த வீட்டில் அந்த இரைச்சலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அது கடந்து போனது. "...மீனுக்குத் தீனி போட்டியான்னு கேட்டாரும்மா" என்று அக்கா முடித்தார். அதற்குப் பிறகுதான் வீட்டில் அழுகை மறுபடி கிளம்பியது. எனக்கு அழுகை அப்போதுதான் முதலில் வந்தது. அவரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது அக்காவின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு என்று பாயின் அண்ணன் போன் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தம்பியைப் புதைத்த வீட்டில் சுற்றுலா என்ற பேச்சே அவருக்கு அருவருப்பாக இருந்திருக்கும். அக்காவைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவோ இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பின் நாலு மாதம் பத்து நாள் மனைவி வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. நானும் கேட்கவில்லை. டிக்கெட் அடித்தாகிவிட்டதால் அது தானாகக் கழன்று போகாது. அலுவலகத்தை பாயின் மச்சான் எடுத்து நடத்தினார். நான் காலையில் வந்ததும் அந்தப் புக்கிங்கை ஒருமுறை திறந்து பார்ப்பேன். ஐந்து பெயரும் இருக்கும். மூடிவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

இத்தா முடிந்த வாரத்தில் அக்கா போன் செய்தார். குரல் நேராகத்தான் இருந்தது. "சின்னவன் தெனமும் மாடியில போய் நின்னுக்கறான். அவங்க பெரியப்பா வேணாங்கறாரு. ஊரு இன்னா சொல்லும்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவரு தன் கையால அடிச்ச டிக்கெட்டும்மா. நாங்க போறோம்." கொஞ்சம் நிறுத்தினார். விமானம் எதுவும் வரவில்லை. "அவரு பேரை மட்டும் எடுத்துட முடியுமா?"

முடியும் அக்கா என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவரைத்தான் இப்போது பிரித்து எடுக்க வேண்டும்.

பாயின் மச்சான் வெளியே போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும்தான். புக்கிங்கைத் திறந்து, அந்த முதல் பெயரின் எண்ணைப் போட்டு, பிரிக்கச் சொன்னேன். நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது. அது எல்லாரையும் கேட்பதுதான். தப்பாக அழுத்தி ஐந்து பேரையும் தொலைத்துவிடுவேனோ என்று பழைய பயம் வந்தது. "மத்தவங்க போவட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அழுத்தினேன். திரை ஒருமுறை மறைந்து திரும்பி வந்தது. நான்கு பெயர்கள். நடுவில் காலி இடம் விட்டிருக்கும் என்று ஏனோ எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை. இரண்டாவதாக இருந்த அக்காவின் பெயர் முதல் வரிக்கு ஏறியிருந்தது. வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை அச்செடுத்து, எழுத்து எழுத்தாக நான்கு பாஸ்போர்ட்டோடும் சரிபார்த்தேன்.

கிளம்பும்போது அக்கா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார், மீனுக்குத் தீனி போடச் சொல்லி. பாய் வாங்கியவற்றில் மூன்று மீன் மிச்சம் இருந்தன. அன்று காலை தீனி போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். என் கணவர் போன் செய்தார். "அவங்க கிளம்பிட்டாங்களா?" என்றார். "கிளம்பிட்டாங்க, பாய் மட்டும் இருந்திருந்தா..." என்று சொல்லும்போது மேலே ஒன்று வந்தது. நான் நிறுத்தினேன். அது அவர்கள் போன விமானமா என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்று வைத்துக்கொண்டேன். கொடியில் எடுக்காமல் விட்டுப்போன துணிகளைப் படபடக்க வைத்துவிட்டுக் கடந்து போய், புள்ளியாகி, மறைந்தது. போனில் என் கணவர் "ஹலோ, ஹலோ" என்றார். அந்த வீட்டு வழக்கப்படி நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். முடியவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் தொட்டி ஆட்டோவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கூட வந்த அக்கா, "அவரு இருந்திருந்தா மூணு மாசத்துல உங்க வூட்டுக்குத்தானே வந்திருக்கும்? கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார். இருவரும் சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கீழே முழுக்கக் கடல்தானா என்று கேட்டேன். "ஜன்னல் சீட்டுல சின்னவன் இருந்தான். எம் பக்கத்துல, அவரு எடத்துல, யாரோ ஒரு பெரியவரு உக்காந்தாரு. நல்லா தூங்கிட்டே வந்தாரு" என்றார் அக்கா.

இப்போது யாரும் அந்த மாடிப்படி ஏறுவதில்லை. என் மகனே போனில் இரண்டு நிமிடத்தில் டிக்கெட் எடுத்துவிடுகிறான். பாயின் அந்த மூன்று மீன் எப்போதோ போய்விட்டன. அதன்பின் எத்தனையோ மீன் மாறிவிட்டன. கோணல் பூச்சு மட்டும் ஒரு சொட்டு ஒழுகாமல் இருக்கிறது. எங்கள் பகுதியில் பெரிய விமானம் தாழ்வாக வராது. தாம்பரம் விமானப்படையின் சின்னப் பயிற்சி விமானம்தான் எப்போதாவது உறுமிக்கொண்டு போகும். அதன் சத்தத்துக்குப் பேச்சை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் நான் நிறுத்திவிடுகிறேன். "அம்மா, அது பொம்மை பிளேன், பேசும்மா" என்று மகன் கேலி செய்வான். நான் தொட்டிப் பக்கம் திரும்பி மீனுக்குத் தீனி போடுவேன்.